விற்பவர் காட்டும் எஸ்க்ரோ தளத்தில் பழைய ஜாகுவாருக்குப் பணம் போடலாமா?

கேள்வி: ஜாகுவார் இ-டைப் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இணைய விளம்பரத்தில் 1965 மாடல் ஒன்று பார்த்தேன். விற்பவர் வேறு நாட்டில் இருக்கிறார், நேரில் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. ஒரிஜினல் என்ஜின், துருவே கிடையாது என்று மெயிலில் எழுதியிருக்கிறார். பணத்துக்குப் பாதுகாப்பு கேட்டதும் அவரே ஒரு எஸ்க்ரோ தளத்தின் (வாங்குபவரின் பணத்தை நடுவில் பிடித்து வைத்து, பொருள் சரியாகச் சேர்ந்ததும் விற்பவருக்கு விடும் மூன்றாம் நிறுவனம்) லிங்க்கை அனுப்பி, முழுத் தொகையையும் அதில் போட்டால் காரைக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். கார் வந்ததும் பார்க்க மூன்று நாள் அவகாசமாம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, மெயில்கள்தான். நம்பலாமா? சொன்னபடி கார் இல்லையென்றால் எஸ்க்ரோ நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமா?

பதில்: அந்த லிங்க்கில் ஒரு காசுகூட போடாதீர்கள். விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தானே தேர்ந்தெடுத்துத் தரும் எஸ்க்ரோ தளம் என்பது இணைய வாகன மோசடியில் மிகப் பழகிப்போன வழி. இது எவ்வளவு பெரிய தொழில் என்றால், 2008 முதல் 2010 வரை இணைய வாகன விற்பனை மோசடி பற்றித் தங்களுக்குக் கிட்டத்தட்ட 14,000 புகார்கள் வந்ததாகவும், மக்கள் இழந்த பணம் ஏறக்குறைய 4.45 கோடி டாலர் என்றும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அப்போதே சொன்னது. போலித் தளம் பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும், உள்ளே உங்கள் பெயரில் கணக்கு, பரிவர்த்தனை எண், 'பணம் பெறப்பட்டது' என்ற மெயில், கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் சாட் பெட்டி என்று எல்லாம் இருக்கும். கார் மட்டும் வராது.

எஸ்க்ரோ நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அதன் முகவரியை மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டாமல் பிரவுசரில் நீங்களே டைப் செய்யுங்கள். எந்த அரசு அமைப்பு உரிமம் கொடுத்தது என்று தளத்தில் போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்பாமல் அந்த அமைப்பின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கே உள்ள பட்டியலில் நிறுவனத்தின் பெயரும் இணைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, கலிஃபோர்னியாவில் இணைய எஸ்க்ரோ நிறுவனத்துக்கு மாநில உரிமம் கட்டாயம். எஸ்க்ரோ.காம் அப்படி உரிமம் பெற்று 1999 முதல் நடக்கும் நிறுவனம், அதே காரணத்தால் அதன் பெயரில் ஒரு எழுத்தோ ஒரு கோடோ கூட்டிப் போலிகளும் உண்டு. பணம் போகும் வங்கிக் கணக்கு தனி ஆள் பெயரில் இருந்தாலோ, கிரிப்டோவிலோ கிஃப்ட் கார்டிலோ கேட்டாலோ அதோடு பேச்சை நிறுத்திவிடலாம்.

விற்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். "என் வக்கீல் இந்த நிறுவனத்தைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார், கட்டணத்தை நானே கட்டுகிறேன்" என்று எழுதுங்கள். உண்மையான விற்பனையாளருக்கு அதில் நஷ்டம் இல்லை, அவரும் பணம் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் காரை அனுப்பப் போகிறார். மறுத்தால், கட்டணம் அதிகம், தாமதமாகும், வேறு ஒருவர் காத்திருக்கிறார் என்று காரணங்கள் வரிசையாக வந்தால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, நல்ல நிறுவனமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையில் கனமானது, பலரும் தப்பாகப் புரிந்துகொள்வதும் அதைத்தான். எஸ்க்ரோ நிறுவனம் நீதிபதி கிடையாது. காரைத் திறந்து பார்த்து, இது ஒரிஜினல் என்ஜின் இல்லை, வாங்கியவர் சொல்வதுதான் சரி என்று தீர்ப்பு சொல்லாது. இரண்டு பேரும் கையெழுத்திட்ட நிபந்தனைகளைப் பார்க்கும், அவை நிறைவேறினால் பணத்தை விடும். தகராறு வந்தால் பணத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அது வெளியே வர இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நடுவர் தீர்ப்போ நீதிமன்ற உத்தரவோ வர வேண்டும். ஆகவே உங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது அந்த நிபந்தனைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறுமனே '1965 ஜாகுவார் இ-டைப், ஒன்று' என்று இருந்தால், ஒரு 1965 இ-டைப் வந்து நின்றதுமே விற்பவர் தன் பங்கை முடித்தவர் ஆகிவிடுவார். மெயிலில் அவர் சொன்ன 'ஒரிஜினல்', 'துரு இல்லை' எல்லாம் நிபந்தனைக்குள் வராத பேச்சு, அதை வைத்து வழக்கு போடலாம்தான், ஆனால் வேறு நாட்டில், பணம் அவர் கைக்குப் போன பிறகு.

அதனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லை எண்களாக மாற்றுங்கள். 1981-க்கு முந்தைய கார்களில் இன்றைய 17 இலக்க அடையாள எண் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தது, ஆகவே எண் எங்கே, எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். இ-டைப்புக்கு ஒரு வசதி உண்டு. ஜாகுவாரின் பழைய ஆவணங்களைக் காக்கும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த சேஸிஸ் எண், என்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண், வெளிநிறம், உள்நிறம் எல்லாம் இருக்கும். அதை விற்பவரிடம் கேளுங்கள். பிறகு என்ஜின் பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் அடித்திருக்கும் எண்களை மிக நெருங்கி எடுத்த புகைப்படம் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய காகிதமும் படத்தில் தெரிய வேண்டும். எண்ணைச் சுற்றி உலோகம் அரைத்து மழுங்கியிருக்கிறதா, எழுத்துகள் வரிசை தப்பி நிற்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள். இன்னொன்று, 4.2 லிட்டர் என்ஜின் 1964 அக்டோபரில்தான் வந்தது, அதற்கு முன் 3.8. 1965 மாடல் என்று சொல்லிவிட்டு 3.8 என்ஜின் நம்பர் காட்டினால் அதற்கு அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

துருவுக்கு எண் இல்லை, அதற்கு ஆள்தான் வேண்டும். அந்த ஊரில் பழைய ஜாகுவார் வேலை தெரிந்த ஒரு தனி மெக்கானிக்கை நீங்களே பணம் கொடுத்து அனுப்புங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். கதவுக்குக் கீழே ஓடும் சில், தரை, முன்பக்கக் குழாய் ஃபிரேம், இந்த மூன்றும் இ-டைப்பில் துரு தின்னும் இடங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி சில் மேல் நகர்த்தினால் போதும், ஒட்டாமல் நழுவும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அந்த அறிக்கையையும் படங்களையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, 'இந்த நிலையிலேயே கார் வந்து சேர வேண்டும்' என்று எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு.

மூன்று நாள் அவகாசம் போதாது. பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி, அந்த அவகாசத்துக்குள் நீங்கள் மறுப்பு தெரிவிக்காவிட்டால் காரை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம், பணம் விற்பவருக்குப் போய்விடும். கார் துறைமுகத்தில் சுங்கத்துக்காக நிற்கும்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? 'கார் என் கைக்கு வந்து, நான் எழுத்தில் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து பத்து நாள்' என்று கேளுங்கள். அவர் ஏழுக்கு இறங்கலாம், சரி. மறுக்க வேண்டி வந்தால் தளத்தின் மூலமாகவே மறுங்கள், விற்பவருக்கு வாட்ஸ்அப் போட்டால் மறுப்பு ஆகாது. அப்புறம், திருப்பி அனுப்பும் கப்பல் செலவு யாருடையது என்பதையும் இப்போதே எழுத வேண்டும். பல நிறுவனங்களின் விதியில் அது வாங்குபவர் தலையில்தான் விழும், வேறு நாட்டுக் கார் என்றால் அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் கிடைத்ததோடு சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதி, அதற்குக் காப்பீடு எடுங்கள். எஸ்க்ரோ அதைக் கவனிக்காது.

எஸ்க்ரோ காப்பாற்றாத இன்னொன்றும் உண்டு, உரிமை. கார் திருட்டுக் கார் என்றாலோ, அதன்மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தாலோ, பணத்தை ஒழுங்காகக் கட்டி வாங்கிய உங்களிடமிருந்தும் அது போகலாம். தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவர் உங்களுக்குத் தர முடியாது என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் சட்டம், விதிவிலக்குகள் குறைவு. ஆகவே பதிவுச் சான்றின் நகலில் விற்பவரின் பெயரும் சேஸிஸ் எண்ணும் பொருந்த வேண்டும், கடன் இல்லை என்ற சான்று வேண்டும், 'அசல் உரிமை ஆவணங்கள் என் கைக்கு வந்த பிறகே பணம் விடுவிக்கப்படும்' என்பது எஸ்க்ரோ நிபந்தனையிலேயே இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு ஆவணங்களையும் தாங்களே வாங்கி வைத்திருக்கும், உங்களுக்கு அது நிச்சயம் வேண்டும். இவ்வளவு பழைய காரை உங்கள் நாட்டில் இறக்கவும் பதிவு செய்யவும் முடியுமா என்பதையும் பணம் போடும் முன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லை என்று துறைமுகத்தில் தெரிந்தால் அது விற்பவரின் குற்றம் ஆகாது.

இப்போதைக்கு விற்பவருக்கு இரண்டே வரி மெயில் போதும்: "எஸ்க்ரோ நிறுவனம் நான் சொல்வதாக இருக்க வேண்டும். ஹெரிட்டேஜ் சான்றிதழின் நகலும் என்ஜின் எண் படமும் வேண்டும்." அவை வந்தால் அவற்றோடு இதுவரை போன வந்த மெயில்களையும் எனக்கு அனுப்புங்கள், ஒப்பந்த வரைவை அதை வைத்துத்தான் எழுத முடியும்.