எங்கள் சரிவில் பெரிய தொடர்மாடி வரப்போகிறது. நுவரெலியாவில் அயலவர்கள் எதை வைத்து எதிர்க்கலாம்?

காட்சி மறைகிறது, அமைதி கெடுகிறது என்று எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். மண்ணையும் தண்ணீரையும் பிடியுங்கள்.

மலையகத்தில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை மறந்தவர் இங்கே யார்? அந்த அறிக்கையில் என்ன நிபந்தனைகள் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சரிவை எவ்வளவு வெட்டலாம், மழைநீர் எந்தக் கானில் இறங்கும், தாங்குசுவர் எங்கே என்பதெல்லாம் முக்கியம். மேலே வெட்டினால் கீழே இருக்கும் உங்கள் வீட்டுக்குத்தானே ஆபத்து! தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016, இல. 12) மாநகரசபையிடம் பிரதி கேளுங்கள். தருவார்களா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு? பலர் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். வீடமைப்புக்கு அது பொதுவாக 1000 வீடுகளைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் மண்ணரிப்புப் பகுதியாகப் பிரகடனம் செய்த நிலம் என்றால் அந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. உங்கள் காணி அதில் வருகிறதா என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையில் கேளுங்கள்.

அப்புறம், மழைநாளில் சரிவைப் படம் எடுத்து வையுங்கள். வெயிலில் எல்லாச் சரிவும் நல்ல சரிவுதான்.