கிரிஸ்டல், நியூட்ரான்னு பேசுற பையன வெச்சுகிட்டு பயப்படுற அம்மாவுக்கு

அம்மா, நேத்து மஞ்சக்குப்பத்துல பையனோட ரஃப் நோட்ட நீட்டி "சார், இவன் ஏதோ கல்ல சூடு பண்ணி அணுவ சேக்கப் போறேங்கிறான், புத்தி கெட்டுப்போச்சா"ன்னு கேட்டீங்க, வெளில ஆளுங்க காத்துட்டு இருந்ததால சரியா பதில் சொல்ல முடியல, அதான் இப்ப உக்காந்து எழுதுறேன்.

அவன் சொல்றது கட்டுக்கதை இல்லமா, ரெண்டு சின்ன அணுக்கரு ஒண்ணா சேர்றத ஃப்யூஷன்னு சொல்லுவாங்க. 2005லயே லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற கலிபோர்னியா யுனிவர்சிட்டில நரஞ்ஜோ, கிம்செவ்ஸ்கி, புட்டர்மேன்னு மூணு பேர் செஞ்சு காட்டி நேச்சர் பத்திரிகைல வந்துருக்கு. உங்க அடுப்படி கேஸ் லைட்டர அமுக்குனா உள்ள இருக்குற சின்ன துண்டு மேல அடி விழுந்து பொறி வருதுல்ல, பேட்டரியே கிடையாதே, அந்த மாதிரி லித்தியம் டான்டலேட்டுன்னு ஒரு கிரிஸ்டல், அதுக்கு அடி கூட வேணாம், சூடு மாறுனாலே சார்ஜ் ஏறும். மைனஸ் 34 டிகிரிலேந்து 7 டிகிரிக்கு மெதுவா கொண்டு வந்தா 1 லட்சம் வோல்ட்ட தாண்டிடும், அதுல பொருத்துன டங்ஸ்டன் ஊசி முனைல டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன் வாயு, சார்ஜ் ஏறுன அயனியாகி பாஞ்சு போயி எதிர்ல இருக்குற டியூட்டீரியம் ஏத்துன தகட்டுல மோதும், அதுல ரொம்ப கொஞ்சம் மட்டும் ரெண்டு ரெண்டா சேந்து ஹீலியம்-3ம், அணுக்கருவுக்குள்ள இருக்குற சார்ஜ் இல்லாத துகளான நியூட்ரானும் வரும். அந்த ஊசிய உங்க பையன் அம்புக்குறி போட்டு சரியா வரஞ்சிருக்கான். ப்ளஸ் டூ பையன் நோட்டுல அத பாத்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆனா கீழ "எங்க தெருவுக்கே கரண்ட்"னு எழுதிருக்கான் பாருங்க, அங்கதான் தப்பு. வந்தது செகண்டுக்கு சுமார் 800 நியூட்ரான், கணக்கு போட்டா ஒரு வாட்டுல நூறு கோடில ஒரு பங்கு அளவுதான். இது கரண்டுக்கு இல்ல, சின்ன சைஸ் நியூட்ரான் கருவிக்கு. காரைக்கால் பக்கம் ஓஎன்ஜிசி கிணறு இருக்குல்ல, எண்ணெய் கிணத்துக்குள்ள நியூட்ரான விட்டு பாறைல ஹைட்ரஜன் எவ்ளோன்னு பாக்குறது வழக்கமான வேலை, அந்த மாதிரி எடத்துக்கு.

வீட்டு மாடில செஞ்சு பாக்க மட்டும் விடாதீங்க, கண்டிப்பா சொல்றேன். எக்ஸ்ரேயும் சேந்து வரும், கண்ணுக்கு தெரியாது.

படிப்புக்கு வரேன். உங்க அண்ணன் சொல்றாருன்னு கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி நெஸ்ட்டுங்கிற நுழைவுத் தேர்வ எழுத வைங்க, புவனேஸ்வர்ல இருக்குற நைசர், மும்பைல இருக்குற சிஇபிஎஸ்னு ரெண்டு அறிவியல் கல்வி நிறுவனத்துல ஏதாவது ஒண்ணுல அஞ்சு வருஷ எம்எஸ்சி கெடைக்கும். வரலன்னா நம்ம தேவனாம்பட்டினம் பெரியார் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி பிசிக்ஸ், கவர்மென்ட் காலேஜ், செலவு கம்மி, அப்பறம் எம்எஸ்சிக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி, இல்ல காலாப்பட்டுல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எம்எஸ்சி. அதுக்கு மேல பார்க், அதாவது பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட ட்ரெயினிங் ஸ்கூல் இருக்கு, ஸ்டைபண்ட் குடுத்தே ஒரு வருஷம் சொல்லித்தருவாங்க, கல்பாக்கத்துலயே ஒண்ணு இருக்கு, எம்எஸ்சில 60 பர்சென்ட் வேணும், போட்டி ரொம்ப கடுமை. பிஎஸ்சி முடிச்ச உடனே சம்பளம்னு எதிர்பாக்காதீங்கமா, வீட்டு நெலம அதுக்கு எடம் குடுக்குமான்னு அவன் அப்பாகிட்ட இப்பவே பேசிடுங்க. கிரிஸ்டல் ஃப்யூஷன்ல மட்டும்தான் வேலைன்னு அவனும் அடம் பிடிக்கக்கூடாது, காத்த உறிஞ்சி எடுக்குற வேக்கம் வேலை, துகள்கள கண்டுபிடிக்குற டிடெக்டர், கதிர்வீச்சு பாதுகாப்புன்னு கத்துகிட்டா பல எடத்துல எடுப்பாங்க.

வர ஞாயித்துக்கெழம அவன மட்டும் அனுப்புங்க, நோட்டோட. அந்த தெருவுக்கு கரண்ட் கணக்க அவனே போடட்டும், நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்.