மழையில் நனையும் தின் மரம் பழம் தருமா?

கேள்வி: செந்தூலில் இரட்டை மாடித் தொடர்வீடு எங்களுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் சுங்கை பூலோ நர்சரியில் ஒரு தின் மரக் கன்று (சீமை அத்தி) வாங்கி, பெரிய தொட்டியில் வைத்தோம். இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலை அகலமாக வருகிறது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் பழுப்புப் புள்ளி விழுந்து மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்து அப்படியே நிற்கிறது. பாதி மஞ்சளாகி விழுகிறது. வாராவாரம் பச்சைக் குருணை உரம் போடுகிறேன், காலையும் மாலையும் ஹோஸில் நன்றாகக் குளிப்பாட்டுகிறேன். பேசாமல் தரையில் நட்டுவிடலாமா? பழத்துக்குள் பூச்சி இருக்கும் என்று மாமியார் வேறு சொல்கிறார்.

பதில்: தரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நட வேண்டாம், தொட்டியிலேயே இருக்கட்டும். தாமான் வீடுகளில் பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கும். தோண்டிப் பார்த்தால் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் களிமண்ணும்தான். மழைத் தண்ணீர் கீழே இறங்காது. அத்தியின் வேரோ ஈரம் இருக்கும் பக்கம் ஓடுவது. குழாய் இணைப்பு, லோங்காங் (சாக்கடை) விரிசல் என்று எது கிடைத்தாலும் நுழைந்துவிடும். இதோடு மண்ணில் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு விழுந்து, மேலே தண்ணீர், உரம் எல்லாம் கொடுத்தும் மரம் சோர்ந்தே நிற்கும். பினாங்கில் கடலோரத்து மணல் மண்ணில் வீடு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நூற்புழுவுக்கு மணல்தான் பிடித்த இடம்.

இப்போது மரத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்குப் பெரிய வியாதி ஒன்றும் இல்லை. மழை அதிகம், உரம் அதிகம், வெட்டு போதாது. மூன்றையும் சரி செய்துவிடலாம்.

தின் மரம் மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் பழகி வந்த மரம். அங்கே பழம் பழுக்கும் கோடை மாதங்களில் மழை அநேகமாக இல்லை. கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நம் ஊர் வெயிலை அது தாராளமாகத் தாங்கும். குளிர்காலம் இல்லாததால் இலை உதிர்த்து உறங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒழுங்காக நடத்தினால் வருஷம் முழுக்கக்கூடக் காய்க்கும். இலையும் பழமும் நனைவதுதான் அதற்கு ஆகாது.

அந்தப் பழுப்புப் புள்ளியை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெயிலில் பிடியுங்கள். குண்டூசி முனை அளவில் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த மேடுகள் இருந்தால், வெள்ளை டிஷ்யூவால் ஒரு தேய்ப்பு தேயுங்கள். துருப்பிடித்த கம்பியைத் தொட்டதுபோல் தூள் ஒட்டினால் அது துரு நோய். பூஞ்சை. நனைந்த இலையில்தான் முளைக்கும், காற்றிலும் தெறிக்கும் தண்ணீரிலும் பரவும். காலை மாலை ஹோஸில் இலை நனைய நனையக் குளிப்பாட்டுவது இந்தப் பூஞ்சைக்கு நீங்கள் வைக்கும் விருந்து. தண்ணீரை அடியில் மட்டும் விடுங்கள். உதிர்ந்த இலையைத் தொட்டிக்குள்ளேயே மக்கட்டும் என்று விடாதீர்கள். பொறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, கோணல்மாணலாக இருந்து, தூள் ஒட்டாவிட்டால் அது வேறு: மொசைக் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. மரம் தெம்பாக இருந்தால் அதோடு கூடவே வாழ்ந்து காய்க்கவும் செய்யும். பயந்து வெட்டிப் போட வேண்டாம், அந்த மரத்திலிருந்து பதியன் மட்டும் எடுக்காதீர்கள்.

துருவுக்கு மருந்து இல்லாமல் இல்லை. காப்பர் மருந்து எந்த உரக்கடையிலும் கிடைக்கும். புதுத் துளிர் வரும் காலத்தில் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, வெயில் ஏறுவதற்கு முன் தெளிக்கலாம். ஆனால் மேலே கூரை இல்லாமல் மருந்தை மட்டும் நம்பினால், தெளித்த மருந்தைச் சாயங்கால மழை கழுவிவிடும், நீங்கள் மறுபடி தெளிப்பீர்கள், அது மறுபடி கழுவும். என்னைக் கேட்டால் மருந்துக் காசைக் கூரையில் போடுங்கள். ஒளி ஊடுருவும் யூவி பிளாஸ்டிக் ஷீட், நான்கு கம்பி, கொஞ்சம் சரிவு, இவ்வளவுதான். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், காற்று ஓட வேண்டும். ‘கார் போர்ச்சில்தான் கூரை இருக்கிறதே’ என்று அதன் அடியில் தள்ளிவிடாதீர்கள். பல வீடுகளில் அந்தக் கூரை பழுப்போ நீலமோ அடித்த பாலிகார்பனேட். மழையோடு வெயிலையும் தடுத்துவிடும். தின் மரத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது குறைந்தால் கிளை நீளும், இலை பெருக்கும், காய் பிடிக்காது.

அப்புறம் உரம். பச்சைக் குருணை என்று நீங்கள் சொல்வது 15-15-15 என்பிகேவாக, அதாவது தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) சத்து மூன்றும் சமமாக உள்ள உரமாக இருக்கும். அதை வாராவாரம் போட்டால் மரம் இலையாகவே சாப்பிட்டு இலையாகவே வளரும். தலைக்கு மேல் போனதும் அதனால்தான். கிளை வெட்டிய பிறகு புதுத் தண்டு ஏழெட்டு இலை விடும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு மேசைக் கரண்டி பச்சை போதும். காய் தலைகாட்டியதும் நீலக் குருணைக்கு, அதாவது 12-12-17-2க்கு மாறிவிடுங்கள். அதில் பொட்டாஷ் கூடுதல். நம் மழை தொட்டியிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள்.

அடுத்தது வெட்டு. இதில்தான் நம் ஆட்கள் கை நடுங்குவார்கள், ஆசையாக வளர்த்த மரம் ஆயிற்றே. ஆனால் நம் ஊரில் தின் பெரும்பாலும் புதிதாகத் துளிர்த்த தண்டில்தான் காய்க்கிறது. ஒவ்வொரு இலைக்காம்பின் மடியிலும் ஒரு காய் வரும். பழைய கிளை எவ்வளவு நீளமாக இருந்தாலும் லாபம் கிடையாது. புதுத் தண்டு எத்தனை என்பதுதான் கணக்கு. ஆகவே உங்கள் மரத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். நன்றாக முற்றிப் பழுப்பான கிளைகளில் மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வெடிக்கும். கிளைக்கு ஒன்றிரண்டு தண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். எல்லாவற்றையும் விட்டால் உள்ளே காற்றுப் போகாது, துரு திரும்ப வரும்.

வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தின் மரத்துப் பால் தோலில் பட்டு, அதே இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் போட்டுவிடும்; தழும்பு வாரக்கணக்கில் கறுப்பாக நிற்கும். மாலையில் வெட்டுங்கள், பால் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

எந்த மாதம் வெட்டுவது? கூரை இருந்தால் எப்போது வேண்டுமானாலும் சரி. கூரை இல்லாதவர்களுக்குத்தான் நாள் பார்க்க வேண்டும். வெட்டியதிலிருந்து முதல் பழம் கைக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம் பிடிக்கும். கோலாலம்பூரில் மழை குறையும் மாதங்கள் ஜூனும் ஜூலையும். அதனால் ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வெட்டினால் கணக்கு சரியாக வரும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் வறட்சி. அங்கே ஆகஸ்டில் வெட்ட வேண்டும். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மழையில் இளந்துளிர் மாட்டிக்கொள்ளும் என்பதால், பினாங்குக்காரர்கள் கூரை போடுவது நல்லது.

சரி, கோலிக்குண்டு அளவில் நின்றுபோன காய். இதைக் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். தின் காய் ஒரே சீராகப் பெருக்காது. முதல் சில வாரம் விறுவிறுவென்று வளரும். அப்புறம் வாரக் கணக்கில் அசையாமல் அதே அளவில் நிற்கும். உள்ளே வேலை நடக்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. கடைசியில் ஒரு வாரம் பத்து நாளில் திடீரென்று இரண்டு மடங்காக ஊதிப் பழுக்கும். இந்த நடுக்கட்டத்தில் காய் பச்சையாக, விறைப்பாக, கிளையோடு ஒட்டி நின்றால் கையை வைக்காமல் காத்திருங்கள். காம்புப் பக்கம் மஞ்சளாகிச் சுருங்கினால் அது விழப்போகிற காய். வெயில் போதாமை, இலை மொத்தமாகக் கொட்டியது, ஒரு நாள் காய்ந்து மறுநாள் மூழ்கும் தண்ணீர், இவைதான் வழக்கமான காரணங்கள். உங்கள் வீட்டில் இலை கொட்டியதுதான் முதல் காரணம் என்பேன். இலை இல்லாத கிளை காய்க்கு எங்கிருந்து சோறு போடும்? பராமரிப்பு எல்லாம் சரியாக இருந்தும் வருஷக்கணக்கில் ஒரு காய்கூடப் பழுக்காமல் விழுந்தால், அது ஸ்மிர்னா வகையா என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வகைக்கு மகரந்தம் கொண்டுவர ஒரு சின்னக் குளவி வேண்டும், அது நம் நாட்டில் கிடையாது. கலிஃபோர்னியாவில் இதே வகையை நட்டுவிட்டு, அந்தக் குளவி 1899இல் நிலைகொள்ளும் வரை பழத்துக்காகக் காத்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் கடையில் நிறையும் துருக்கி உலர் அத்தி இந்த இனம்தான். ஆகவே அதன் விதையைப் போட்டு மரம் வளர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாமியார் சொன்னதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ‘அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு’ என்று பெரியவர்கள் சொன்னது நாட்டு அத்தியைப் பார்த்து. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அந்த மரத்துக்கென்று தனிக் குளவி உண்டு, அது பழத்துக்குள்தான் குடும்பம் நடத்தும். வீட்டில் வளர்க்கும் தின் வகைகள் குளவி இல்லாமலே பழுப்பவை. உள்ளே தெரியும் நூல் நூலான சிவப்பெல்லாம் பூ. எறும்பும் பழ ஈயும் மட்டும் பழத்தின் அடியில் இருக்கும் கண் வழியாக நுழையும், மழைத் தண்ணீரும் அதே வழியாகத்தான் போகும். போனால் பழம் புளித்துக் கண்ணிலிருந்து நுரை வடியும். பழம் ஊதத் தொடங்கியதும் வலைப் பையோ காகிதப் பையோ கட்டிவிடுங்கள். மைனா, அணில், வௌவால், மூசாங் (மரநாய்) எல்லாவற்றுக்கும் அதே பைதான்.

பறிப்பதற்கு அவசரப்பட வேண்டாம். தின் பழம் பறித்த பிறகு பழுக்காது. விறைத்து நின்ற காம்பு தொய்ந்து, பழம் தலைகுனிந்து தொங்க வேண்டும். விரலால் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். பறித்த இடத்தில் பால் சொட்டினால் இன்னும் இரண்டு நாள் விட்டிருக்கலாம். பழுக்க வேகம் வேண்டும் என்று கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் தடவும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கண் லேசாகச் சிவக்கும் நேரத்தில் தடவினால் பலிக்கும். முன்னாலேயே தடவினால் பழம் ஊதும், இனிப்பு இருக்காது.

இன்னொரு மரம் வாங்குவதாக இருந்தால், முதல்முறை பழம் பார்க்க பிரவுன் டர்க்கி, தைவான் கோல்டன், மசுய் டாபின் மாதிரி எளிதில் காய்ப்பவை போதும். கோடு போட்ட பனாஷே அழகுதான், ஆனால் அது நீண்ட வெயில் காலம் கேட்கும்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. செம்மண்ணாக இருந்தால் வெட்டுகிற அன்றே மாற்றிவிடுங்கள். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. தொட்டி ஐம்பது லிட்டருக்குக் குறையாமல், அடியில் ஓட்டை தாராளமாக. விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை குறைந்த மரத்துக்கு ஒரு வேளையே அதிகம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு குஞ்சு பொரித்தால், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் (அபராதம்) வரும். வாரத்துக்கு ஒருமுறை அடிமரத்தையும் சுற்றிப் பாருங்கள். மரத்தூள் மாதிரி குவிந்திருந்தால் மேலே எங்காவது ஓட்டை இருக்கும். அது தண்டு துளைக்கும் வண்டின் புழு. மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

வெட்டிய கிளைகளைத் தூக்கி எறிய வேண்டாம். கட்டை விரல் கனத்தில், மூன்று நான்கு கணு உள்ள துண்டாக நறுக்கி, பால் வடிந்து காயும் வரை ஒரு நாள் நிழலில் வைத்து, ஈர நார்த்தூளில் பாதி புதையச் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். துளிர் வந்ததை வைத்து வேர் வந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் இருக்கும் சத்திலேயே முதல் இரண்டு இலை வந்துவிடும்.