எழுப்பிவிட ஆளில்லை என்கிறீர்களா?

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பேன். ஒரே பாதை, ஒரே வேகம். வந்ததும் பத்திரிகையில் சுடோகு. இரண்டுமே சலித்துவிட்டன. மகளின் பிரசவத்துக்காக மனைவி போயிருப்பதால் எழுப்பிவிட ஆளில்லை. இரண்டு மாதமாக நடையும் நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. பெயர்கள் மறந்துபோகின்றன. உடலும் மனமும் சுறுசுறுப்பாக இருக்க, அலுப்புத் தட்டாத ஒரு பயிற்சித் திட்டம் சொல்லுங்கள்.

பதில்: திட்டம் பிறகு. "எழுப்பிவிட ஆளில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். இத்தனை காலம் நடந்தவை உங்கள் கால்கள். கட்டுப்பாடு உங்கள் மனைவியுடையது. அவர் கிளம்பியதும் அதுவும் கூடவே கிளம்பிவிட்டது. சலிப்பின் மேல் பழி போடாதீர்கள். ஒரே பாதை அப்போதும் ஒரே பாதைதானே? அவர் எழுப்பியவரை நடந்துகொண்டுதானே இருந்தீர்கள்?

ஓய்வு பெற்ற ஆண்கள் பலர் இதே கடிதத்தை எழுதுகிறார்கள். புதிய பயிற்சி கேட்கிறார்கள். வீட்டில் தன் பங்கு என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் மனைவியின் ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். குனிந்து பெருக்குகிறார். வாளியைத் தூக்குகிறார். நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிந்து, எட்டிக் கொடியில் போடுகிறார். மேல் தட்டில் இருக்கும் டப்பாவை நுனிக்காலில் நின்று எடுக்கிறார். இதற்கு நடுவே அடுப்பில் என்ன இருக்கிறது, உங்கள் மாத்திரை எப்போது தீரும், எந்தக் கட்டணத்துக்கு எது கடைசி நாள் என்று எல்லாம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இடுப்பு, தோள், கைப்பிடி, ஞாபகம் எல்லாவற்றுக்கும் வேலை. நீங்கள் என்னிடம் கேட்கும் விதவிதமான பயிற்சியை அந்த அம்மாள் ஒருவரே சுமந்துகொண்டிருக்கிறார், அதுவும் ஓய்வே இல்லாமல். உங்களுக்கு மிஞ்சியவை ஒரு பாதையும் சுடோகுவின் 81 கட்டங்களும். இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

நடை இதயத்துக்கு நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் பழகிப்போன வேலை உடலுக்குப் புதிதாக வலு சேர்ப்பதில்லை. முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே தசை மெல்லக் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்தத் தேய்வு வேகம் பிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அத்துடன் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதிலிருந்து சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் சேர வேண்டும். நீங்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டீர்கள். சுடோகுவும் அப்படித்தான்: போடப் போடச் சுடோகு நன்றாக வரும், ஆனால் அதனால் பெயர்கள் ஞாபகம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மூளைக்கு இதுவரை தெரியாத, ஆரம்பத்தில் திணறவைக்கிற ஒன்றைக் கொடுங்கள். ஒரு மொழி, ஓர் இசைக்கருவி, எதுவானாலும் சரி.

இப்போது திட்டம். நேரம் மாறக் கூடாது, செய்வது மாறலாம். காலை ஆறு என்றால் ஆறுதான். நடக்கும் நாளில் பாதையை மாற்றுங்கள், நடுநடுவே இரண்டு நிமிடம் வேகத்தைக் கூட்டுங்கள், படி கண்டால் ஏறுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்து உடலைத் தள்ளித் தள்ளி எடுங்கள். மேசையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். வலுக் கூடக் கூட எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள், மறதியையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி 66 நாட்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. எனவே முதல் இரண்டு மூன்று மாதம் பிடிக்காமலே செய்தாக வேண்டும். அலாரத்தைப் படுக்கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

மனைவியிடம் பேசும்போது, தொலைபேசியில் எழுப்பிவிடச் சொல்லிவிடாதீர்கள். பச்சிளங்குழந்தை இருக்கும் வீட்டில் அவருக்குத் தூக்கமே அரிது. அவர் மனக்கணக்காக வைத்திருக்கும் கட்டணத் தேதிகளையும் மருந்துப் பட்டியலையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெருக்குவதும் துணி துவைப்பதும் இன்றிலிருந்து உங்கள் வேலை. அவர் திரும்பி வந்த பிறகும் அவற்றை அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.