பரணில் இருப்பது பரணிலேயே இருக்கட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் சர்வர், திருச்சியில் மச்சான் வீட்டில் இன்னொன்று. இரண்டிலும் உபுண்டு லினக்ஸ், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். தினமும் இரவு அதன் 'சென்ட்', 'ரிசீவ்' கமாண்டுகள் மூலம் எல்லாம் அங்கே போய்ச் சேரும். அனுப்பும்போது பெரிய எழுத்து ஆர், வாங்கும்போது சின்ன எழுத்து யூ போடுகிறேன். மவுண்ட் ஆகாமல், அதாவது அங்கே எந்த டைரக்டரியிலும் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த யூ. பல மாதமாகச் சிக்கல் இல்லை. போன வாரம் அங்கே கரண்ட் போய் வந்தது. அதன்பின் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) நுழைய முடியவில்லை, என் சாவியை ஏற்க மறுக்கிறது. மச்சானை மானிட்டர் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். ஹோம் டைரக்டரியில் என் வீட்டுச் சர்வரின் ஃபைல்கள்தான் இருக்கின்றன என்கிறார். அந்த மெஷினின் சொந்த ஹோம் அழிந்துவிட்டதா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அழியவில்லை. மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மச்சானிடம் கன்சோலில் ரூட்டாக லாகின் செய்து, ஹோமின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த டேட்டாசெட்டை (இசட்எஃப்எஸ்ஸில் தனியாக மவுண்ட் ஆகும் ஒரு பகுதி) மட்டும் அன்மவுண்ட் செய்யச் சொல்லுங்கள். அடியில் பழைய ஹோம் அப்படியே இருக்கும். உங்கள் சாவியும் அதில்தான் இருக்கிறது.

இது ஏன் நடந்தது என்று பார்ப்போம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட இந்த ஃபைல் சிஸ்டத்தில், எதை எங்கே மவுண்ட் செய்வது என்பதை எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுத வேண்டியதில்லை. அது டேட்டாசெட்டின் பண்பாகப் பூலுக்குள்ளேயே (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு) பதிந்திருக்கும். ஒற்றை மெஷின் வைத்திருப்பவருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் பெரிய ஆர் போட்டு அனுப்பும்போது ஸ்னாப்ஷாட்டுகளோடு (அந்தந்த நேரத்து நிலையின் உறைந்த பதிவுகள்) பண்புகளும் சேர்ந்து பயணம் செய்கின்றன. 'நான் ஹோமில் மவுண்ட் ஆக வேண்டியவன்' என்ற குறிப்பும் திருச்சிக்குப் போய்விட்டது.

நீங்கள் போட்ட சின்ன யூ, 'வாங்கும் இந்த நேரத்தில் மவுண்ட் செய்யாதே' என்று மட்டும்தான் சொல்கிறது. நாளைக்கு மெஷின் பூட் ஆகும்போது என்ன செய்வது என்று அது சொல்வதே இல்லை. பூட் ஆகும்போது, கேன்மவுண்ட் பண்பு 'ஆன்' என்று இருக்கும் ஒவ்வொரு டேட்டாசெட்டும் தனக்குக் குறித்த இடத்தில் போய் உட்காரும். லினக்ஸில் முன்பெல்லாம், காலியாக இல்லாத டைரக்டரியின் மேல் மவுண்ட் செய்ய இசட்எஃப்எஸ் மறுத்துவிடும். லினக்ஸில் ஓடும் இசட்எஃப்எஸ்ஸான ஓபன்இசட்எஃப்எஸ் 2.0-இலிருந்து, அப்படி மேலே மவுண்ட் செய்ய விடும் ஓவர்லே பண்பு இயல்பாகவே 'ஆன்'. மறுப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கரண்ட் போகும்வரை எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தெரிந்தது இதனால்தான்.

இனி நிரந்தரத் தீர்வு. என் பேக்கப் பூலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பரண்'. பரணில் ஏற்றிய பாத்திரத்தில் யாரும் தினமும் சமைப்பதில்லை. நகலும் அப்படித்தான், மவுண்ட் ஆகவே தேவையில்லை. மவுண்ட் ஆகாத டேட்டாசெட்டுக்குள் ரிசீவ் தாராளமாக நடக்கும். ஆகவே நகல்கள் இறங்கும் தாய் டேட்டாசெட்டில் மவுண்ட்பாயிண்ட் பண்பை 'நன்' (எங்கும் இல்லை) என்று வையுங்கள். அங்கேயே ரீட்ஒன்லி பண்பை 'ஆன்' செய்யுங்கள். இந்த இரண்டும் பிள்ளைகளுக்குத் தானாக இறங்கும். ஏற்கெனவே வந்து சேர்ந்த டேட்டாசெட்டுகள் மூலச் சர்வரின் மவுண்ட்பாயிண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு 'இன்ஹெரிட்' கமாண்டைச் சின்ன ஆரோடு ஒருமுறை ஓட்டுங்கள். தாயிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அப்புறம் உங்கள் ரிசீவ் வரியில் யூவோடு, 'சின்ன எழுத்து எக்ஸ், மவுண்ட்பாயிண்ட்' என்று சேருங்கள். மூலத்திலிருந்து வரும் மவுண்ட்பாயிண்டைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம்.

கேன்மவுண்டை 'நோஆட்டோ' (தானாக மவுண்ட் ஆகாதே) ஆக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதும்தான். ஆனால் அந்தப் பண்பு தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது. ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். அடுத்த மாதம் வீட்டில் புதிதாக ஒன்று உருவாக்குவீர்கள், அதற்கு வைக்க விட்டுப்போகும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

மாற்றிய பிறகு அடுத்த மின்வெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். மச்சான் வீட்டில் இருக்கும் ஒரு நேரமாகப் பார்த்து நீங்களே ரீஸ்டார்ட் செய்து, 'மவுண்டட்' என்ற பண்பை எல்லா டேட்டாசெட்டுக்கும் கேட்டுப் பாருங்கள். நகல்கள் எல்லாவற்றுக்கும் 'நோ' என்று வர வேண்டும்.

கேள்வி: பேக்கப் சர்வரில் பழைய போட்டோக்களைச் சும்மா திறந்து பார்த்தேன். எதையும் மாற்றவில்லை. அன்றிரவு நகல் அனுப்பும் ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது. கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு நகல் மாற்றப்பட்டிருக்கிறது என்று எரர். நண்பர் ரிசீவ் கமாண்டில் பெரிய எழுத்து எஃப் போடச் சொல்கிறார். போடலாமா?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: நீங்கள் மாற்றவில்லை, ஆனால் ஃபைல் சிஸ்டம் மாற்றிக்கொண்டது. ஒரு ஃபைலைப் படித்தால், அது கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற நேரம் அதில் எழுதப்படலாம். அப்படி எழுதுவது ஒன்றே போதும், இன்கிரிமெண்டல் (கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் மாறியதை மட்டும் வாங்கும்) ரிசீவ் முரண்டு பிடிக்க. மேலே சொன்ன ரீட்ஒன்லி இதைத் தடுத்துவிடும். ரீட்ஒன்லி வைத்தாலும் ரிசீவ் நடக்குமா என்ற பயம் வேண்டாம், நடக்கும்.

பெரிய எஃப் விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி சரி. அது நகலைக் கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்னுருட்டிவிட்டு வாங்க ஆரம்பிக்கும். உங்கள் சிக்கல் தீரும். ஆனால் அனுப்பும் பக்கம் பெரிய ஆர் போட்ட இன்கிரிமெண்டலாக இருந்தால், அதே எஃப் இன்னொரு வேலையும் செய்யும். மூலச் சர்வரில் இல்லாத ஸ்னாப்ஷாட்டுகளையும் டேட்டாசெட்டுகளையும் நகலிலிருந்து அழித்துவிடும். வீட்டில் யாராவது கை தவறி ஒரு டேட்டாசெட்டை அழித்தால், அன்றிரவே நகலும் காலி. பேக்கப் எதற்காக வைத்தோமோ அதையே இது கெடுக்கிறது. தினசரி ஸ்கிரிப்டில் அந்த எஃப் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சிக்கிக்கொண்ட நாளில், எந்த டேட்டாசெட் சிக்கியதோ அதை மட்டும் 'ரோல்பேக்' கமாண்டால் கையாலேயே பின்னுருட்டுங்கள்.

பழைய போட்டோ பார்க்க ஆசையா? வேண்டிய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு 'குளோன்' எடுங்கள். அதே பூலுக்குள், 'பார்வை' என்று பெயர் வைத்து, அதற்கு மட்டும் ஒரு மவுண்ட்பாயிண்ட் கொடுங்கள். நொடியில் தயாராகும், இடமும் பிடிக்காது. நகலைத் தொட்டதாகவும் ஆகாது. பார்த்து முடித்ததும் குளோனை அழித்துவிடுங்கள். அது இருக்கும்வரை அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்க முடியாது.

கேள்வி: எனக்கு இசட்எஃப்எஸ் எல்லாம் இல்லை. ராஸ்பெர்ரி பையில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், அதற்குள் நகலெடுக்க ஆர்சிங்க். ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போக, ஆர்சிங்க் முழு பேக்கப்பையும் மெமரி கார்டில் கொட்டி அதை நிரப்பிவிட்டது. இனி எப்படித் தடுப்பது?
– மதுரை வாசகர்

பதில்: டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்த டைரக்டரி இருக்கிறதே, ஆர்சிங்க்குக்கு அது போதும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, காலி டைரக்டரிக்கு 'சிஹெச்ஆட்டர்' கமாண்டில் 'பிளஸ் ஐ' கொடுங்கள். இனி டிஸ்க் ஏறாத நாளில் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் ஏறினால் வழக்கம்போல எழுதலாம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'மவுண்ட்பாயிண்ட்' கமாண்டால் சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கை 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்று எழுதியிருந்தால் யுயுஐடிக்கு (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) மாற்றுங்கள், அந்தப் பெயர்கள் இடம் மாறும். 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் பை பூட் ஆகும்.

கேள்வி: மவுண்டே செய்யாவிட்டால் நகல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: 'ஸ்க்ரப்' ஓட்டுங்கள். பூலில் உள்ள தரவு முழுவதையும் படித்து, ஒவ்வொரு பிளாக்கையும் அதன் செக்சமோடு (சரிபார்ப்பு எண்) ஒப்பிடும். அதற்கு மவுண்ட் தேவையில்லை. மாதம் ஒருமுறை போதும். ஆனால் டிஸ்க்கில் இருப்பது கெடவில்லை என்று மட்டும்தான் ஸ்க்ரப் சொல்லும், உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சிங்கப்பூர் வாசகிக்குச் சொன்ன குளோன்தான் வழி. அவ்வப்போது ஒன்று எடுத்து, கணக்கு ஃபைலோ கல்யாண வீடியோவோ, உண்மையிலேயே தொலைந்தால் அழுவீர்களே, அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள்.