பார்த்தெழுதிய ஆட்டமா?

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவிலில் நடந்த சதுரங்கப் போட்டியொன்றில் என் மகள் கருப்புக் காய்களுடன் ஆடினாள். எதிரில் இருந்த பையன் சி4 (சி வரிசையில் நான்காம் கட்டம்) என்று தொடங்க, இவள் சி5 என்றாள். ஒன்பது நகர்வுகள் வரை அவன் செய்ததையே இவளும் செய்தாள். பத்தாவதில் அவன் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவர, இவள் டி5 ஆடினாள். ஆட்டம் சமனில் முடிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், “பார்த்தெழுதி பாஸான மாதிரி இருக்கு” என்றார். அது சரிதானா? ஆட்டத்தாளின் முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வில்லுப்பாட்டில் புலவர் விட்ட அடியை வாங்கிப் பாடும் பின்பாட்டுக்காரரை நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பார்த்து ஆடுவதன் ஆபத்து, திறப்பு எனப்படும் தொடக்க நகர்வுகளைப் பொறுத்து மாறும். இருவரும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராஜா பக்கக் குதிரையை வெளியே கொண்டுவந்து, வெள்ளை இ5 சிப்பாயை வெட்டியதும் கருப்பும் இ4 சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராணி இ2வுக்கு வரும். கருப்புக் குதிரை எஃப்6க்குப் பின்வாங்கினால், வெள்ளைக் குதிரை சி6க்குத் தாவிக் கருப்பு ராணியைத் தாக்கும்போதே வெள்ளை ராணியின் செக்கும் திறந்து, ஐந்தாவது நகர்விலேயே கருப்பு தன் ராணியை இழக்கும். 1843இல் பாரிஸில் பிரெஞ்சு ஆட்டக்காரர் செயின்ட் அமான்ட்டை எதிர்த்து ஆங்கிலேயரான ஹோவர்ட் ஸ்டான்டன் ஆடியதால் இங்கிலீஷ் திறப்பு எனப் பெயர்பெற்ற சி4இல், மந்திரிகள் ஓரத்திலிருந்து மையத்தைக் குறிபார்க்கின்றனவே ஒழிய, காய்கள் அவ்வளவு சீக்கிரம் மோதிக்கொள்வதில்லை. அதனால்தான் கருப்பு இவ்வளவு தூரம் அடியொற்றி நடக்க முடிகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு திருத்தம். ஏ3க்கு ஏ6, யானை பி1க்கு யானை பி8 என்று போய்க்கொண்டிருந்தவள், ஏழாவதில் வெள்ளை பி4 ஆடியபோது பி5 என்று பதில் சொல்லவில்லை; தன் சி சிப்பாயால் அதை வெட்டினாள். பி5 அடுத்த நகர்வில்தான் வந்தது. இரு பக்கமும் வெட்டி முடித்த ஒன்பதாவது நகர்வின் முடிவில் பலகை மறுபடி கண்ணாடியாகியிருக்கிறது.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன டி5தான் ஆட்டத்தின் உயிர். வெள்ளை குதிரைக்குச் செலவிட்ட அந்த ஒரு நகர்வில், எப்போதும் ஒரு படி பின்னால் இருக்கும் கருப்பு மையத்தில் முதல் சிப்பாயை நிறுத்திவிடுகிறது. என்னைக் கேட்டால், பதினைந்து நிமிடம் யோசித்து ஆட வேண்டிய நகர்வு அது.

அதன்பின் வெள்ளை டி4 ஆடியிருந்தால், சி5 வெள்ளைக் குதிரைக்கும் சி4 கருப்புக் குதிரைக்கும் நல்ல இருப்பிடங்களாகும். திறந்து கிடக்கும் ஏ, சி வரிசைகளில் யானைகள் மாற்றிக்கொள்ளப்பட்டு ஆட்டம் சமனாவது இயல்பு. ஆட்டத்தாளின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள். அவள் குதிரை சி4க்குப் போனதா என்று பார்க்க வேண்டும்.