வாசகர் கேள்வி – பதில்: படைவீரர் இழப்பீடும் துணைக்கு வரும் அமைப்புகளும்

கேள்வி: மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்த என் கணவர், தமிழ் அறிந்தவர் என்ற தகுதியில், அயல்நாட்டவரைப் படையில் சேர்க்கும் 'மாவ்னி' திட்டத்தின் வழியே தரைப்படையில் சேர்ந்து, குடியுரிமையும் பெற்றார். பணியிலிருந்து விடுபட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. முழங்கால் வலியும் காதில் ஓயாத இரைச்சலும் அவரை வருத்துகின்றன. பணியால் வந்த உடற்குறைகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் படைவீரர் சேவை அமைப்புகளின் உதவியை நாடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவரோ, "அதெல்லாம் வியட்நாமுக்குப் போய் வந்த தாத்தாக்களுக்கானது, நான் போர்முனையையே பார்க்கவில்லை" என்கிறார். அந்த அமைப்புகள் உண்மையிலேயே உதவுமா? (வாசகி, சான் அன்டோனியோ)

பதில்: உதவும், கட்டணமும் இல்லை. ஆனால் எதில் உதவும், எதில் உதவ இயலாது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். 2008ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அவ்வழியே சேர்ந்தவருக்கும் ஐந்து தலைமுறையாக இந்நாட்டில் வாழும் குடும்பத்திலிருந்து சேர்ந்தவருக்கும் இழப்பீட்டு உரிமையில் எந்த வேறுபாடும் கிடையாது. போர்முனைக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் விதியன்று. பயிற்சியில் ஓடும்போது முழங்கால் கெட்டிருந்தாலும் அது பணியில் நேர்ந்ததுதான். காது இரைச்சலோ, இழப்பீடு பெறுவோரிடம் மற்ற எல்லாக் குறைகளையும்விட அதிகமாகப் பதிவாகியிருக்கும் குறை. கண்ணியமான முறையில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தால் அவர் தயங்க வேண்டியதில்லை.

தாத்தாக்களின் கூடம் என்ற எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. சில ஊர்க் கிளைகளுக்குள் நுழைந்தால் பிங்கோ ஆட்டமும் பழைய கொடிகளும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் 1899இல் வேர்கொண்ட வெளிநாட்டுப் போர் வீரர் சங்கம், 1919இல் தோன்றிய அமெரிக்கன் லீஜன், 1920இல் உருவாகிப் பொதுவாக டி.ஏ.வி. என்று அழைக்கப்படும் ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம் ஆகிய மூன்றும், விண்ணப்ப வேலைக்கென்றே பயிற்சி பெற்ற சேவை அலுவலர்களை வைத்திருக்கின்றன. அவர்களிடம் செல்ல உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மாநிலத்தில் டெக்சஸ் படைவீரர் ஆணையமும், மாவட்டத்துக்குச் சமமான 'கவுண்டி' நிர்வாகத்தின் சேவை அலுவலரும் இதே பணியைச் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், கொடியைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுப்பதைவிட, அருகில் இருக்கிற, தொலைபேசியை எடுக்கிற, கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்கிற அலுவலர் எவரோ அவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அவர் செய்யும் முதல் வேலை, அமைப்பைப் பிரதிநிதியாக நியமிக்கும் 21-22 எண் படிவத்தில் கையொப்பம் வாங்குவது. நம் ஊரில் 'பவர் எழுதிக் கொடுப்பது' என்றாலே நிலம் கைமாறிவிடுமோ என்று அஞ்சுவார்கள். இது அத்தகையது அன்று. படைவீரர் நலத்துறையிடம் உங்கள் கணவர் சார்பில் பேசவும், அங்குள்ள அவருடைய கோப்பைப் பார்க்கவும் அந்த அமைப்புக்குத் தரும் அனுமதி மட்டுமே.

இரண்டாவது வேலை, இழப்பீடு தொடங்கும் நாளைக் காப்பது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் 'எட்டு மாதங்கள்' என்பதுதான். பணியிலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பம் சேர்ந்தால், விடுபட்ட மறுநாளிலிருந்தே இழப்பீடு கணக்கிடப்படும். ஓராண்டு கடந்தால் பொதுவாக விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆவணங்கள் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், விண்ணப்பிக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். முழு விண்ணப்பத்தைத் தயாரிக்க அன்றிலிருந்து ஓராண்டு அவகாசம் கிடைக்கும், தொடக்க நாளும் பறிபோகாது. நல்ல அலுவலர் முதல் சந்திப்பிலேயே இதைச் செய்துவிடுவார்.

இனி, அமைப்புகளால் இயலாதவை. இழப்பீடு கிடைக்க மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது குறை இருக்கிறது, பணிக்காலத்தில் அதற்குக் காரணமான நிகழ்ச்சியோ நோயோ இருந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சாதகமும் பாதகமும் சம எடையில் நின்றால் ஐயத்தின் பலனை வீரருக்கே தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு தாராளமான சட்டத்தின் கீழும் விண்ணப்பங்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். தொடர்பைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், சேவை அலுவலர் அல்லர். இரண்டாவதிலும் சிக்கல் வரும். வலி என்று சொன்னால் சோம்பேறி என்பார்களோ என்று அஞ்சிப் படை மருத்துவமனைப் பக்கமே போகாத வீரர்கள் பலர். அழுத பிள்ளைக்குத்தான் பால். அழாத பிள்ளையின் மருத்துவக் கோப்பு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை ஓரளவு நிரப்பக்கூடியவை உடன் பணியாற்றியவரின் எழுத்து வாக்குமூலமும் உங்களுடைய வாக்குமூலமும். மாடிப்படி ஏறும்போது அவர் எங்கே நின்றுவிடுகிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதை மிகைப்படுத்தாமல் எழுதுங்கள்.

இன்னொன்று, நலத்துறை ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை. அங்கே அலுவலர் உடன் வந்து பேச மாட்டார். மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் நம்மவர் வாயில் தானாக வரும் சொல் "பரவாயில்லை". அச்சொல் அப்படியே அறிக்கையில் ஏறிவிடக்கூடும். மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதை அவர் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனம் என் உடற்குறைக்கு 100 விழுக்காடு மதிப்பீடு வாங்கித் தருவதாகவும், அதனால் உயரும் மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கைக் கட்டணமாகத் தந்தால் போதும் என்றும் சொல்கிறது. இலவச அமைப்பைவிடக் காசு வாங்குபவர் அக்கறையாகச் செய்ய மாட்டாரா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: இந்த ஐயம் மிகப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஓய்வூதியம் வாங்கித் தரும் தரகர்கள் பெருகியபோது, 1864இல் நாடாளுமன்றம் அவர்களுடைய கட்டணத்துக்குப் பத்து டாலர் என்று வரம்பு கட்டியது. விலைவாசி எங்கோ போன பின்னும் அந்தப் பத்து டாலர் அசையவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது, 1988இல்தான் சட்டம் மாறியது. பத்து டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? அவர்கள் வராத அந்த இடத்தில் வளர்ந்தவைதாம் இந்தச் சேவை அமைப்புகள். ஆகவே இலவசம் என்பது இங்கே தரக்குறைவின் அடையாளம் அன்று.

இன்றைய சட்டப்படியும், நலத்துறையின் முதல் முடிவு வெளிவரும் முன் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்க வழக்கறிஞரோ முகவரோ கட்டணம் வாங்கக் கூடாது. முடிவு வந்த பின் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் வாங்கலாம். அதுவும் நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்றும் கருதப்படும். பிறகு இந்த நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன என்றால், அங்கீகாரம் இல்லாமல் பணம் வாங்குவோருக்கான தண்டனைப் பிரிவு 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கிவிட்டது. அந்த ஓட்டை வழியே நுழைந்து, தங்களை ஆலோசகர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைக் கேட்டு வாங்கி, நலத்துறை இணையத்தில் வைத்திருக்கும் அங்கீகாரப் பட்டியலில் தேடுங்கள். இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

100 விழுக்காடு என்ற வாக்குறுதியைப் பற்றி ஒரு சொல். குறைகளின் விழுக்காடுகளை நாம் கூட்டுவதுபோல் நலத்துறையினர் கூட்டுவதில்லை. 50, 30 என்று இரண்டு குறைகள் இருந்தால், முதலில் 50 போக மீதமுள்ள 50இல் 30 விழுக்காடாகிய 15ஐச் சேர்த்து 65 என்று வைத்து, 70 ஆக முழுமையாக்குவார்கள். நம் பள்ளிக் கணக்கில் வரும் 80 அங்கே வராது. மருத்துவக் கோப்பைப் பார்க்கும் முன்பே 100 என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: என் மகனின் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. அவன் நம்பியிருந்த சேவை அலுவலர் இரண்டு மாதங்களாகத் தொடர்புக்கே வரவில்லை. வேறு அமைப்புக்கு மாறலாமா? ஊர் திரும்பிவிட்டால் உரிமை போய்விடுமா? (வாசகர், மதுரை)

பதில்: மாறலாம். ஓர் அலுவலரின் மேசையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருப்பது சாதாரணம் என்பதால், முதலில் அதே அமைப்பின் மேலாளரிடம் ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் வேறு அமைப்புக்கு 21-22 படிவம் கொடுத்தால் பழைய நியமனம் தானாக நீங்கும். மேல்முறையீட்டு வாரியத்திடம் வழக்கு போய்விட்ட பின் பிரதிநிதியை மாற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே அதற்கு முன்பே செய்வது நல்லது.

முடிவு வந்த நாளிலிருந்து ஓராண்டு உங்கள் மகனுக்கு முக்கியமானது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி மூன்று வழிகள் உள்ளன: புதிய சான்று கிடைத்தால் துணை விண்ணப்பம், இருக்கும் சான்றையே தவறாகப் படித்துவிட்டார்கள் என்றால் நலத்துறையின் மூத்த அலுவலரின் மறுஆய்வு, அல்லது வாரியத்திடம் மேல்முறையீடு. முதலில் தள்ளுபடிக் கடிதத்தை முழுவதும் படித்து, எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்று அறிய வேண்டும். மருத்துவரின் தொடர்புக் கருத்து இல்லை என்பதுதான் காரணம் என்றால், அதைப் பெற்றுத் துணை விண்ணப்பம் போடுவதே பெரும்பாலும் விரைவான வழி. சட்டச் சிக்கல் என்றால் வழக்கறிஞரை நாடும் கட்டம் இதுதான்.

மதுரைக்கு வந்துவிட்டாலும் இழப்பீடு நிற்காது. பணிசார்ந்தது என்று ஏற்கப்பட்ட குறைக்கு இங்கே பெறும் சிகிச்சைச் செலவையும் நலத்துறையின் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தின் கீழ் திரும்பப் பெறலாம். கிளம்பும் முன் புதிய முகவரியை நலத்துறைக்கும் பிரதிநிதிக்கும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு அழைக்கும் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அவர் வராததால் தள்ளுபடியாகிவிட்டால், எந்த அமைப்பும் அதைச் சீர்செய்ய மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.